நாலு எருமையும் நான் எழுதிய போர்டும்

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது ஒரு போர்டுதான். பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்துக்குப் பின்னால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டி, பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் இன்றைக்கும் நிற்கிறது: 'இது புல்வெளி வாழிடம். கால்நடைகளுக்கு அனுமதி இல்லை.' கமிட்டியில் தமிழ் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த போர்டால் நாலு எருமைகளும், அவற்றை வைத்துப் பிழைத்த ஒரு பெண்ணும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். தப்பித்து ஓட இடமில்லை.

ஃபிளாட் பார்க்க வந்த அன்று பில்டரின் ஆள் எங்களை பால்கனியில் நிறுத்தி, கையை நீட்டி, "லேக் வியூ மேடம்" என்றார். கை நீண்ட திசையில் பார்த்தேன். பள்ளம். செக்கச்செவேல் என்று, பனைமர ஆழத்துக்கு, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி எடுத்த கிராவல் பள்ளம். ரோடு போடவும் மனை மேடாக்கவும் வருடக்கணக்கில் லாரி லாரியாக அங்கேயிருந்துதான் மண் போயிருக்கிறது. என் கணவர் பொறுமைசாலி. "மழை பெஞ்சா ஏரியாயிடும்மா" என்றார். குடிவந்து ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் பிளாக்கின் அஸ்திவாரத்தை மேடேற்றிய மண்ணும் அதே பள்ளத்து மண் என்று. எங்கள் வீட்டுக்கு அடியில் கிடப்பதைத் தோண்டியெடுத்த குழியைத்தான் நாங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, லாரிகள் நின்ற பிறகு பள்ளம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. ஒரு ஐப்பசி மழையில் நடுவே பெரிய குட்டை ஒன்றும் மூலையில் சின்னக் குட்டை ஒன்றும் நிரம்பின. கரைச் சரிவுகள் இடிந்து, சாய்ந்து, ஏறி இறங்கத் தோதாக ஆயின. சரளைக் கல்லுக்கு நடுவே அருகம்புல் படர்ந்தது. முக்குளிப்பான் வந்தது. ஆள்காட்டிக் குருவி வந்து காலங்காத்தாலே ஊரைக் கூட்டியது. நான் ஒரு பறவையும் அறியாதவள், திண்டுக்கல்லில் இருந்து வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். எனக்கே அது பிடித்துப்போனது.

அந்தப் பள்ளத்தில்தான் பால்கார அக்காவின் நாலு எருமைகளும் மேய்ந்தன. அக்கா பூந்தமல்லி பக்கமே பிறந்து வளர்ந்தவர். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது நாலு எருமை, அவ்வளவுதான். காலையில் கறந்து கேனோடு எங்கள் கேட்டுக்கு வருவார். பத்து மணிக்கு எருமைகளைப் பள்ளத்தில் இறக்கினால் அவை வெயில் ஏறும்வரை மேயும், பிறகு குட்டையில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எருமையின் பின்னாலேயே வெள்ளை வெளேரென்று உண்ணிக்கொக்குகள் நடக்கும். முதுகில் இரட்டைவால் குருவி உட்கார்ந்து சவாரி போகும்.

"வைக்கோலு வாங்கிப் போட்டு எரும வளக்க நா இன்னா மினிஸ்டரா?" என்பார் அக்கா. "இந்தப் பள்ளம் கீறதாங்காட்டிதான் எரும கீது. எரும கீறதாங்காட்டிதான் நான் கீறேன்."

இதை அவர் என்னிடம் ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் அளந்து ஊற்றிய பிறகு கொசுறாக இன்னொரு வாய் ஊற்றுவார். தயிர் தோய்த்தால் ஆடை கனமாகக் கட்டும். ஒருநாள் பால் நீர்த்திருந்தது. "என்னக்கா, இன்னிக்குத் தண்ணியா இருக்கே?" என்றேன். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எரும நேத்து ஜாஸ்தி குளிச்சிட்ச்சிம்மா." இப்படிப் பதில் சொல்பவரிடம் யாரால் சண்டை போட முடியும்?

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் அசோசியேஷனுக்கு இயற்கையின் மேல் அன்பு பிறந்தது.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுக்க குவார்ட்டர்ஸ்வாசி. குவார்ட்டர்ஸில் மரத்துக்கெல்லாம் காவியும் வெள்ளையும் பட்டையடித்திருப்பார்கள் இல்லையா, அந்தப் பட்டை அவர் மனதுக்குள்ளேயும் அடித்திருந்தது. எதுவாக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும், ஓரத்தில் வெள்ளைக்கோடு இருக்க வேண்டும். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாங்கள் அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டோம்.

முதலில் பள்ளத்துக்குள் நீரூற்றும் டால்ஃபின் பொம்மையும் வைப்பதாகத்தான் திட்டம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஏதோ இணையவழிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். கைவிட்ட கிராவல் குவாரிகளைக் குளமும் புல்வெளியுமாக மீட்டெடுக்கலாம், பறவைகள் வரும், நிலத்தடி நீர் ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதிக் கூட்டத்தில் அவர் வீட்டு இணையம் போய்விட்டது. எப்படி மீட்பது என்பது மீதிப் பாதியில் இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே மனு போட்டு, பள்ளத்தைப் பராமரிக்க எங்கள் சங்கத்துக்கு அனுமதி என்று எழுதி வாங்கி வந்துவிட்டார்.

அந்தக் காகிதத்தைக் கூட்டத்தில் வாசித்தவள் நான். நிலத்தின் வகைப்பாடு 'மேய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தது.

"மேய்க்கால்னா என்னம்மா?" என்றார் தலைவர்.

"ஊர் மாடு மேயறதுக்குன்னு விட்ட பொது நிலம் சார்."

"அது அந்தக் காலத்துப் பேரு. அடுத்த பாயிண்ட் படிங்க."

படித்தேன். அடுத்த பாயிண்ட், எருமைகளை என்ன செய்வது என்பதுதான். எருமை மேய்ந்தால் புல் எப்படி வளரும் என்று தலைவர் கேட்டார். அந்த ஹாலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எஞ்சினியர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பொருளை ஒருத்தர் தின்றுகொண்டே இருந்தால் அது எப்படிக் கூடும்? கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சாணி நாற்றம் வேறு, பள்ளத்தைப் படம் எடுத்தால் கறுப்பாக நாலு உருவம் குறுக்கே விழுகிறது வேறு. எனக்கும் சரி என்றுதான் பட்டது, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அன்றைக்கே போர்டு வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். 'அனுமதி இல்லை' என்பதற்குப் பதில் 'தடை' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டபோது, அது கொஞ்சம் கடுமையாகத் தெரியும், 'அனுமதி இல்லை'தான் நாகரிகம் என்று எடுத்துச் சொல்லி வாதாடியதும் நான்தான்.

கம்பி வேலிக்குக் கல்லுக்கால் நட ஆரம்பித்த அன்று காலை அக்கா பாலை ஊற்றிக்கொண்டே கேட்டார். "யம்மா, இன்னாத்துக்கு அங்க கல்லு நட்றானுங்க?"

"புல்லு வளர்க்கப் போறாங்கக்கா."

"புல்லா? அதான் கீதே."

"இன்னும் உயரமா வளரணுமாம்."

"ஒசரமா வளந்தா முத்திப்பூடும். எருமயே மோந்து பாக்காது. அப்பால அந்தப் புல்லு யாருக்கு?"

"பறவைக்கு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பறவ இன்னா, புல்லா துன்னுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கேனை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "எரும எங்க போவும்மா? எத்தினி நாளுக்கு இப்டி அடச்சி வெப்பாங்கோ?"

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "ரெண்டு மாசம்தான்க்கா. வேர் பிடிச்சதும் திறந்து விட்டுருவாங்க."

இரண்டு மாதம் என்று யாரும் சொல்லவில்லை. தீர்மானத்தில் மாதமே கிடையாது. அந்த முகத்துக்கு எதிரே நின்றுகொண்டு 'இனிமேல் எப்போதும் கிடையாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபீஸ் கேப் வேறு ஹாரன் அடித்தது. நாக்கில் நரம்பில்லாமல் ஒரு கெடுவைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

"ரெண்டு மாசம்னா சமாளிச்சிக்கலாம்" என்று அக்கா எனக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. "மெட்ரோ வேல நடக்குற ஓரமா புல்லு கீது. அறுத்துகினு வந்து போட்றேன்."

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. பள்ளத்தின் வாசலில் பறவைப் படங்கள் போட்ட பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். அதில் நடுநாயகமாக நின்றது பூநாரை. அந்தக் குட்டைக்குப் பூநாரை வந்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். படத்தை இணையத்தில் எடுத்தவருக்கு இளஞ்சிவப்பு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

விழாவுக்கு முன்னால் பள்ளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சரளை மேட்டில் நாலு வேலிகாத்தான் முள் சதுரமாக நட்டு வைத்திருந்ததை யாரோ குப்பை என்று பிடுங்கி எறிந்தார்கள். பிறகு நடைபாதைக்குத் தலைவர் முன்நின்று சுண்ணாம்புக் கோடு போட வைத்தார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்து, கத்தோ கத்து என்று கத்தியது. "நமக்கு வரவேற்பு கொடுக்குது பாருங்க" என்றார் தலைவர். எல்லோரும் செல்போனைத் தூக்கினோம்.

வேலிக்கு வெளியே எருமைகளோடு நின்றிருந்த அக்காதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "யோவ் பெர்சு! முட்ட மேல சுண்ணாம்பு ஊத்திகீறீங்கய்யா! கண்ணு தெர்ல?"

குனிந்து பார்த்தோம். சரளைக் கல்லோடு கல்லாக, அதே பழுப்பில், அதே புள்ளியில், நாலு முட்டை. அதன் மேல் எங்கள் வெள்ளைக்கோடு நேராக ஏறி இறங்கியிருந்தது. எருமை மிதித்துவிடாமல் இருக்க அக்கா நட்டு வைத்த முள்ளைத்தான் நாங்கள் பிடுங்கி எறிந்திருக்கிறோம். முட்டையைத் துடைக்கலாமா கூடாதா என்று ஒரு விவாதம் நடந்தது. அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டதால் ரிப்பன் வெட்டப் போய்விட்டோம். மறுநாள் அந்தக் குருவியைக் காணோம்.

முதல் மழைக்குப் புல் முழங்கால்வரை வந்தது. அடேயப்பா, வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்கள்! 'நம்ம சொந்தப் புல்வெளி' என்று ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். அடுத்த மழைக்கு இடுப்புவரை வந்தது. அதற்கப்புறம் அது எங்களைக் கேட்டு வளரவில்லை. அருகம்புல் அடியில் மூச்சுமுட்டிச் செத்தது. சின்னச் செடியாக இருக்கும்போதே அக்கா அடுப்புக்கு வெட்டிக்கொண்டு போன வேலிகாத்தான் இப்போது ஆள் உயரம் நின்றது. எருமை மிதித்து, தின்று, படுத்துப் புரண்டு திறந்து வைத்திருந்த குட்டையோரத்தில் சம்புக் கோரை முளைத்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. உண்ணிக்கொக்குகள் எருமையோடு போனவைதான், திரும்பவில்லை. ஆள்காட்டி மெட்ரோ யார்டு ஜல்லியில் முட்டை வைத்திருப்பதாகக் கேள்வி. பள்ளத்துக்கு விடாமல் வந்த ஒரே ஜீவன் சாரைப்பாம்பு. அது ஒருநாள் எங்கள் கார் பார்க்கிங்கில் உலாப் போனபோது குழுவில் எழுந்த கூச்சலில், இயற்கையை நேசித்தவர்கள் எல்லாம் அதை அடிக்க ஆள் தேடினார்கள்.

புல் வெட்டும் மெஷின் கொண்டு வந்து பார்த்தார்கள். அடியில் கிடந்த சரளை தெறித்து ஒரு கார் கண்ணாடி போயிற்று. கார் கமிட்டி உறுப்பினருடையது. அதோடு மெஷின் நின்றது. ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் கூடுதலாக ஆள் போட்டு, அரிவாளால் கையிலேயே அறுப்பது என்று முடிவாயிற்று.

இதற்கிடையே அக்காவின் கொட்டகையில் என்ன நடந்தது என்பது எனக்கு கேட்டில் தவணை முறையில் தெரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாதம் ஒரு எருமையை விற்றார். "ரெண்டு மாசம் இன்னும் முடிலியாம்மா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "அடுத்த மீட்டிங்ல பேசறேன்க்கா" என்றேன். பேசப் போனேன், பொய் சொல்லவில்லை. கையைக்கூடத் தூக்கினேன். அன்றைக்கு விசிட்டர் பார்க்கிங் சண்டை. தூக்கிய கையை அப்படியே தலைமுடிக்குக் கொண்டுபோய்க் கோதிக்கொண்டேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெட்ரோ ஓரத்துப் புல்லைத் தகரம் வைத்து அடைத்த பிறகு இரண்டாவது போயிற்று. பிறகு மூன்றாவது. கேனில் பாதிதான் பால் வந்தது. "இந்த ஒண்ணு மட்டும் கீதும்மா" என்றார் ஒருநாள். "கேட்டுகினுதான் கீறானுங்க. குடுக்க மனசு வர்ல. தொறந்தா இத்த உட்டு மறுக்கா ஆரம்பிச்சிக்கலாம் பாரு."

பிறகு ஒருநாள் காலை அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் அவர் வீட்டைத் தேடிப் போனேனா? இல்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பாக்கெட் பால் போடச் சொன்னேன். பாக்கெட் பால் நேரத்துக்கு வரும், வாசலில் கிடக்கும், எப்போது திறப்பார்கள் என்று கேட்காது.

வேலி போட்டு இரண்டு வருடம் ஆன பிறகு, 'நமது சாதனையை' விருதுக்கு அனுப்பலாம் என்று தலைவர் நினைத்தார். அதற்கு நிபுணர் சான்று வேண்டுமாம். புல்வெளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் இளம்பெண்ணை வரவழைத்தார்கள். ரப்பர் செருப்பும் தொப்பியுமாக வந்த அந்தப் பெண் புதரைச் சுற்றி நடந்தாள். முள் கிழித்தது. சம்பைப் பிரித்துத் தண்ணீரைத் தேடினாள். பூநாரைப் பலகையைப் பார்த்தாள், குட்டையைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள், பாவம்.

"இங்க முன்னாடி மாடு ஏதாவது மேஞ்சிட்டிருந்துதா சார்?" என்றாள்.

"எருமை. நாலு. எல்லாத்தையும் நிறுத்திட்டோம்" என்றார் தலைவர், பதக்கத்துக்கு நெஞ்சைக் காட்டுகிற மாதிரி.

"ஏன் சார் நிறுத்தினீங்க? அதுங்கதானே இதைப் புல்வெளியா வெச்சிருந்தது! தரையில கூடு கட்டற பறவைக்குப் புல்லு குட்டையா இருக்கணும். குட்டை ஓரம் திறந்து இருக்கணும். அளவா மேயவிட்டிருந்தா நீங்க எதுவுமே செஞ்சிருக்க வேண்டாம்."

எதுவுமே செய்திருக்க வேண்டாம்! இரண்டு வருடமாக நாங்கள் போட்ட தீர்மானங்கள், வேலி, சுண்ணாம்பு, ரிப்பன், போர்டு! தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தொழிற்சாலைக்காரர், தப்பு என்றால் திருத்திவிட வேண்டும் என்பவர். அன்று மாலையே அவசரக் கூட்டம். ஒரே குரலில் தீர்மானம்: எருமைகளைத் திரும்ப வரவழைப்பது.

பாவிகளா, அதையாவது சும்மா செய்தார்களா? எருமைக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும் என்றார் ஒருவர். காதில் அடையாள அட்டை மாட்டலாம், வாசலில் செக்யூரிட்டி ஸ்கேன் பண்ணட்டும் என்றார் இன்னொருவர். உறுப்பினர்கள் வாக்கிங் போகும் நேரம் தவிர்த்து, பத்து முதல் நாலு வரை மட்டும் மேய வேண்டும். ஞாயிறு மேய்ச்சல் உண்டா என்பதில் பிளவு ஏற்பட்டது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டாமா என்று பொருளாளர் கேட்டபோது, நான் வாயைத் திறந்தேன். இரண்டு வருடத்தில் முதல்முறை.

"அந்தப் பால்கார அக்காவையே கேட்கலாம் சார். ஒரு எருமை இன்னும் வெச்சிருப்பாங்க."

"அவங்க வீடு தெரியுமா உங்களுக்கு?"

வாசல்வரை போனதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியும் சார்" என்றேன்.

மறுநாள் காலை தலைவரும் நானும் கிளம்பினோம். பள்ளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலிக்குள் புல் அறுக்கும் சத்தம் கேட்டது. பச்சை யூனிஃபார்ம் சட்டையும், முகத்தைச் சுற்றிக் கட்டிய துண்டும், தலையில் தொப்பியுமாக ஓர் அம்மா குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். தினமும் கேப்புக்குப் போகும்போது பார்க்கும் உருவம்தான். எட்டு மாதமாக ஹவுஸ்கீப்பிங்கில் பார்க்கிற ஆள். "பால்கார அம்மா வீடு எதும்மா?" என்று தலைவர் அவரிடமே கேட்டார்.

அந்த அம்மா நிமிர்ந்தார். துண்டை இறக்கினார்.

"நான்தான் சார். இன்னா விசயம்?"

எட்டு மாதம். தினமும் இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். யூனிஃபார்ம் மாட்டிவிட்டால் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் முகம் கிடையாது. நானும் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறேன்.

தலைவர் விஷயத்தைச் சொன்னார். எருமைகளைப் பள்ளத்தில் விடலாம், சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை, அனுமதி தருகிறோம்.

"எரும ஏது சார்?" என்றார் அக்கா. "கடேசி ஒண்ண வித்துட்டுதான இந்த வேலைக்கு வந்தேன். நாலு எரும மேஞ்ச எடத்த இப்ப நான் ஒருத்தியே மேஞ்சிகினு கீறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தலைவரும் சிரிக்கலாமா என்று பார்த்து, பாதியில் நிறுத்தினார். "ஒரு எருமை வாங்கிக்கலாமே" என்று ஆரம்பித்தவர், அரிவாளைப் பிடித்திருந்த கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார்.

நான் நின்றேன். அக்கா என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது.

"உம்மேல கோவம் இல்லம்மா" என்றார். "நீ ஒருத்திதான் ரெண்டு மாசம் ரெண்டு மாசம்னு ஆறுதலா சொன்ன. அத்த நம்பித்தான் கடேசி எருமய அத்தினி நாளு வெச்சிகினு கீந்தேன். முன்னியே வித்திருந்தா நல்ல வெலைக்குப் போயிருக்கும், இன்னா பண்றது. நீ இன்னா செய்வ, பாவம்."

பிறகு கேட் ஓரமாகப் போய், ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு என் போர்டுக்கு முன்னால் நின்றார். காகம் எச்சமிட்டிருந்தது. பலகையைத் துடைப்பதும் அவருடைய காலை வேலையாம். எழுத்து எழுத்தாக அழுத்தித் துடைத்தார்.

"எய்த்துக் கூட்டிப் படிச்சேன்மா, வேலைக்குச் சேந்த அன்னிக்கே" என்றார் திரும்பாமல். "சோக்காதான் எய்திகீறான். எவன் எய்தினான்னு தெரியுமா உனக்கு?"

கேப் வந்து ஹாரன் அடித்தது.

"தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டேன்.